ஏழு கட்ட எண்ணத் தாள்: எங்கே கைகொடுக்கும், எங்கே சறுக்கும்

மனதை வாட்டும் எண்ணம் உண்மைதானா என்று எழுதிச் சோதித்துப் பார்க்க, மனநல ஆலோசகர்கள் வீட்டுப்பாடமாகத் தரும் எண்ணப் பதிவுத் தாளைத்தான் இங்கே அலசுகிறோம். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையில் வந்தது இது. ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்தால் ஏழு கட்டங்கள்: நடந்தது என்ன, என்ன உணர்ச்சி (நூற்றுக்கு எவ்வளவு), மனதில் ஓடிய எண்ணம், அதற்குச் சாட்சி, அதற்கு எதிரான சாட்சி, நிதானமான எண்ணம், இப்போது உணர்ச்சி எவ்வளவு. நகல் கடையில் ஒரு தாளுக்குச் சில சென்தான் ஆகும். பொறுமையாக நிரப்புபவருக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்போம்.

நம்மவர்கள் முதலில் தடுக்கி விழுவது இரண்டாம் கட்டத்தில்தான். "மனசு சரியில்லை", "டென்ஷன்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறோம். அந்த இரண்டு சொல்லுக்குள் பயம், கோபம், அவமானம், ஏக்கம், குற்ற உணர்ச்சி எல்லாமே ஒளிந்துகொள்ளும். பயத்துக்குப் பின்னால் "ஏதோ நடக்கப் போகிறது" என்ற எண்ணம் இருக்கும். அவமானத்துக்குப் பின்னால் "என்னை மட்டமாக நினைத்துவிட்டார்கள்" என்பது இருக்கும். உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைக்காவிட்டால் மூன்றாம் கட்டத்தில் தவறான எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டிவரும். ஒரு நிகழ்வுக்கு இரண்டு உணர்ச்சி இருந்தால் இரண்டையும் எழுதி, தனித்தனியே மதிப்பெண் போடுங்கள்.

மூன்றாம் கட்டத்தில் கேள்வி எழுதக் கூடாது. கோலாலம்பூரின் பங்சாரில் வேலை செய்யும் ஒருவர் மேலாளருக்கு மாலை 4.10க்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார். நீல டிக் விழுந்தும் ஏழு மணிவரை பதில் இல்லை. "ஏன் பதில் போடவில்லை?" என்று எழுதினால் அதைச் சோதிக்க முடியாது. "என்னை வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்" என்று எழுதினால் சாட்சி தேடலாம். பயம் 80. ஆதரவான சாட்சி: போன வாரம் அறிக்கையில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். எதிரான சாட்சி: மாதக் கடைசியில் அவர் யாருக்குமே உடனே பதில் போடுவதில்லை, பிழையைத் திருத்தியதும் ஒப்புதல் தந்தார், அடுத்த மாத வேலையையும் இவரிடமே ஒப்படைத்திருக்கிறார். நிதானமான எண்ணம்: "கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருக்கலாம், நாளைக் காலை கேட்டுக்கொள்ளலாம்." பயம் 45.

80லிருந்து 45 என்பது நல்ல இறக்கம். பூஜ்யத்துக்கு வரவேண்டும் என்று ஆறாம் கட்டத்தில் "எல்லாம் நல்லதாகவே நடக்கும்" என்று எழுதுபவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் தாளைத் தூக்கிப் போடுகிறார்கள். எழுதியவரே நம்பாத வாக்கியம் மனதில் ஒட்டாது. அதேபோல, "எனக்கு அப்படித்தான் தோணுது" என்பது நான்காம் கட்டத்தில் செல்லாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டுமே சாட்சி.

தாளின் வடிவமைப்பு தமிழுக்கு ஏற்றதாக இல்லை என்பது பெரிய குறை. 29.7 செ.மீ. அகலத்தில் ஓரங்கள் போக, ஏழாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 4 செ.மீ.கூட வராது. தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு ஒரு வரியில் இரண்டு சொல் அடங்கினாலே பெரிது. இடம் பத்தாமல் சாட்சிகளைச் சுருக்கிவிடுகிறோம். பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எதிரெதிர் பக்கங்களைச் சேர்த்துக் கோடு போட்டுக்கொள்வது மேல். சாட்சிக் கட்டங்களை மற்றவற்றைவிட அகலமாக விடுங்கள். விலை உயர்ந்த கெட்டி அட்டை நோட்டுகள் தேவையே இல்லை.

ஒரு பதிவுக்கு 15 முதல் 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நான்கு பதிவு, குறைந்தது ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபமோ பயமோ 90ஐத் தாண்டியிருக்கும்போது எழுத உட்காராதீர்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டு, கொஞ்சம் தணிந்தபின் பேனாவை எடுங்கள்.

எண்ணம் உண்மையாகவே இருந்தால் இந்தத் தாள் உதவாது. வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி என்பது கணக்கு. அதற்கு வீட்டுக்காரரிடம் பேசி, தவணை முறை கேட்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தாளை ஒதுக்கிவிட்டு உடனே மனம்விட்டுப் பேச உதவும் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூருக்கு 03-7627 2929இல் அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

இன்னொன்று: புத்தகத்தை வீட்டில் மற்றவர் கைபடாத இடத்தில் வையுங்கள். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் மூன்றாம் கட்டத்தில் பொய்தான் விழும்.