ப்ரீதர் குழாயை அடைத்துவிட்டு இன்ஜினை இறக்க வைத்த பட்டறை

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் அப்பா ஓட்டிய 350, திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டி. ஐப்பசி மழையில் நிறுத்தியதை நான்கு மாதம் கழித்துக் கிளப்பினேன். முதல் நிமிடத்திலேயே ப்ரீதர் குழாய், அதாவது இன்ஜின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் குழாய், வழியாக ஆயில் கொட்டியது. பயந்துபோய்ப் பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அரை மணி நேரத்தில் சொட்டு நின்றது. 300 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரே வாரத்தில் இன்ஜின் உச்சியில் இருக்கும் ராக்கர் மூடி ஓரம் கசிந்தது. பிறகு செயின்கேஸ் பக்கமும் ஈரமானது. "ரிங் போய்விட்டது சார், இன்ஜின் இறக்கித்தான் ஆக வேண்டும்" என்றார் அதே மெக்கானிக். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையங்களைத்தான் ரிங் என்றார். நம்பினேன். சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து (போர் போட்டு), அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, லேத் கூலியும் சேர்த்து 14,500 ரூபாய். நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் அதே கசிவு.

வேறு ஊரில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் பிடுங்கிப் பார்த்தது ப்ரீதர் குழாயை. உள்ளே ஒரு போல்ட் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது! சொட்டு நின்றது இப்படித்தான்.

அந்தக் குழாய்தான் இன்ஜினின் மூக்கு. புல்லட்டில் ஒரே பிஸ்டன், 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). அது கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் அறையில் காற்றுக்கான இடத்தை 346 சி.சி. குறைத்து நெருக்குகிறது. 3000 ஆர்.பி.எம்மில் இது நொடிக்கு ஐம்பது முறை நடக்கும். ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயுவும் சிறிது கீழே வரும். புது இன்ஜினிலும் வரும். இவை வெளியேறத்தான் ப்ரீதர். வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு பிஸ்டன் இறங்கும்போது திறந்து, ஏறும்போது மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே அழுத்தம் குறைவாகவே இருக்கும், ஆயிலும் உள்ளேயே நிற்கும். வழியை அடைத்தால் அழுத்தம் கேஸ்கெட்டையும் ஆயில் சீலையும் தள்ளிக்கொண்டு வெளியே வராமல் என்ன செய்யும்?

முதல் நாள் ஆயில் கொட்டியதும் பழுதே இல்லை. நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் டேங்கில் இருக்கும் ஆயில், பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க்கேஸ் அறைக்குள் இறங்கிவிடும். கிளப்பியதும் ஒரு பகுதி ப்ரீதரில் வெளியேறும், மீதியைப் பம்ப் சில நிமிடங்களில் ஆயில் டேங்குக்கு ஏற்றிவிடும். அதற்குள் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து, குறைகிறதே என்று யாராவது ஆயில் ஊற்றினால் தடுத்துவிடுங்கள். அளவு மிஞ்சினால் அதுவும் ப்ரீதர் வழியாகத்தான் வரும்.

ரிங் போய்விட்டது என்று யார் சொன்னாலும், முதலில் ஐடிலில் ஓடவிட்டு ப்ரீதர் முனையருகே கையை வையுங்கள். விட்டுவிட்டுக் காற்று தட்டினால் குழாய் திறந்திருக்கிறது. ஒன்றுமே தட்டாவிட்டால் அடைப்பு. தடித்த புகை விடாமல் வந்தால் மட்டும் ரிங்கைச் சந்தேகிக்கலாம். அப்போதும் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் எந்தக் கேஜும் வைத்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

கழற்றிய பழைய பிஸ்டனைப் பெரியவர் மைக்ரோமீட்டரில் அளந்தார். தேய்மானம் சொல்லும்படி இல்லை. பட்டறையில் போய்க் கேட்டேன், பணம் திரும்பவில்லை. அதைவிட, அப்பா முப்பது வருடம் பார்த்துப் பார்த்து ஓட்டிய சிலிண்டரில் கடைந்தெடுத்த இரும்பை யாரிடம் போய்க் கேட்பேன்?