கார்ட்டர் சாலைப் பாறைகளில் கடலுயிர் நடை: ஐந்துக்கு மூன்றரை

மும்பை பாந்திராவில், கடல் வற்றும்போது பாறையில் வாழும் உயிர்களைக் காட்டும் நடைக்குக் காலை 6.15க்கு வந்துவிட வேண்டும், தாமதித்தால் காத்திருக்க மாட்டோம் என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு பள்ளியில் மணியடிக்கக் கேட்டு வாழ்ந்தவள் நான். மகள் வயிற்றுப் பேரனை நாலு மணிக்கு எழுப்பி, குரு தேக் பகதூர் நகரில் ஹார்பர் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, பாந்திராவில் இறங்கி, ஆட்டோ பிடித்து, 6.05க்குக் கார்ட்டர் சாலை நடைபாதையில் நின்றேன். நடத்துபவர்கள் 6.20க்கு வந்தார்கள். பிறகு, வந்துகொண்டேயிருப்பதாகத் தொலைபேசியில் சொன்ன ஆறு பேருக்காக 6.55 வரை எல்லோரும் நின்றோம். நான் குறைத்த ஒன்றரை மதிப்பெண்ணில் ஒன்று இதற்காகத்தான்.

இதென்ன பெரிய குற்றமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். அன்று அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். சூரியனும் சந்திரனும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், கடல் மிக உயர ஏறி மிகத் தாழ இறங்கும் நாட்கள் இவை. அன்றைய வற்றம், அதாவது நீர் மிகத் தாழும் நேரம், காலை 7.20க்கு. நீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே நடந்துபோய், கடைசிப் பாறையை வற்றத்தின்போது எட்டிவிட வேண்டும். அதன்பின் கடல் திரும்ப ஆரம்பித்துவிடும். நாங்கள் பாறையில் கால் வைத்தபோது மிச்சமிருந்தது இருபத்தைந்து நிமிடம். ஆளுக்கு 500 ரூபாய் வாங்கியதே 6.15 முதல் 7.20 வரையிலான அந்த ஒரு மணி ஐந்து நிமிடத்துக்காக.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் ஊரில் கடல் ஒரு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவது அபூர்வம். ஓதம் என்ற சொல் தெரியுமே தவிர, அதற்காக யாரும் கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. மும்பையிலோ பெரிய ஓத நாட்களில் கடல் நாலரை மீட்டருக்கும் மேல் எழும்பும். வடக்கே கம்பாத் வளைகுடாவை நோக்கிப் போகப் போக இன்னும் கூடும். மழைக்காலத்தில் மட்டும் இந்நகரம் அதை நினைத்துக்கொள்ளும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, கடலும் ஏறி நின்றதால் சாக்கடைகள் நீரை வெளியேற்ற வழியில்லாமல் திணறின. அன்று இரவைப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளோடு மேசை மேல் உட்கார்ந்து கழித்தவள் நான். அதே கடல் அதே அளவுக்குக் கீழேயும் இறங்கும், இறங்கினால் அடியில் என்ன தெரியும் என்று அதற்குப் பின்னும் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

சரி, நடைக்கு வருகிறேன். இருபத்திரண்டு பேர், இரண்டு வழிகாட்டிகள். எங்களுக்கு வாய்த்தவள் வெர்சோவா கோலிவாடா என்ற மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். பாட்டி மீன் விற்பவர், இவள் கடலுயிரியல் படித்தவள். இந்தச் சேவைக்கு நான் கொடுத்த மூன்றரையில் மூன்று அவளுக்கே உரியது.

இறங்கியதும் அவள் எங்களை நகர விடவில்லை. பாறை முழுக்கச் சொரசொரப்பாக, சிறு எரிமலைக் கூம்புகள் போல ஒட்டியிருந்த வெள்ளைப் பொருக்கைக் காட்டி, இது கல்லா உயிரா என்று கேட்டாள். எனக்குத் தெரியும், கொட்டலசு. அப்பா தோணியில் வேலை பார்த்தவர். தோணியைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்டும்போது இதுதான் மூட்டை மூட்டையாக உதிரும். என் வலது பாதத்தில் இன்னும் அதன் தழும்பு இருக்கிறது. ஆனால் அது சிப்பி வகை என்றுதான் ஐம்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். இல்லையாம், இறாலுக்கும் நண்டுக்கும் உறவாம். குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்து, ஓரிடம் பிடித்ததும் தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுவரெழுப்பி, ஆயுள் முழுக்கத் தலைகீழாக இருந்தபடி காலை வெளியே நீட்டி உணவை வாரிக்கொள்ளுமாம். நீர் தேங்கிய ஒரு குழியில் அந்தக் கால்களைக் காட்டினாள். இமை மயிர் போன்ற மெல்லிய சீப்பு வெளியே வந்து, வாரி, உள்ளே போனது. பேரன் எண்ணத் தொடங்கிவிட்டான். சார்லஸ் டார்வின் இவற்றை மட்டும் எட்டு ஆண்டு ஆராய்ந்தார் என்று அவள் சொன்னாள். எனக்குப் பட்டப்படிப்புக்கும் பி.எட்.டுக்கும் சேர்த்தே நாலு ஆண்டுதான் ஆனது.

அடுத்தது நனைந்த பொத்தான்களை நெருக்கித் தைத்ததுபோல் பாறையைப் போர்த்தியிருந்த பழுப்பு விரிப்பு. ஸோவாந்திட் என்று பெயர். பவளப்பூச்சிக்கும் கடல் சாமந்திக்கும் சொந்தம். நீர் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். ஒரு பொத்தான் ஓர் உயிர். சில வகைகளில் கடும் நஞ்சு உண்டு, தொடாதீர்கள் என்றாள். தொடாமல் இருக்கலாம், மிதிக்காமல் எப்படி? இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அதன்மேல்தான் நடந்தார்கள். இன்னொரு அரை மதிப்பெண் இங்கே போனது. பத்துப் பேருக்கு மேல் அழைத்துப் போகக் கூடாது.

நடையின் உச்சம் பேரனுடையது. முழங்கால் ஆழக் குழியில், பாறை விளிம்புக்குக் கீழே, "ஆச்சி, கல் மூச்சு விடுகிறது" என்றான். நான் குனிந்து பார்ப்பதற்குள் கல் நிறம் மாறியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பேய்க்கணவாய். ஆக்டோபஸ் என்று வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பெயரை நான் சொன்னதும் நிறுத்தினாள்.

"ஆண்ட்டி, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பேய்க்கணவாய், ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் என்று மூன்றையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதன் உள்ளோட்டைத்தான் கூண்டுக்கிளிக்குக் கொத்தக் கொடுப்பார்கள் என்றேன். பதிலுக்கு அவள் தந்தது: பேய்க்கணவாய்க்கு மூன்று இதயம், செம்பு கலந்த இரத்தம் என்பதால் நிறம் நீலம், நீந்தும்போது மூன்றில் ஓர் இதயம் நின்றுவிடுவதால், நீந்துவதைவிடத் தவழ்வதே இதற்குப் பிடிக்கும்.

‘மெல்லுடலிகள்: நத்தை, சிப்பி, கணவாய்’ என்று தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதியிருக்கிறேன். கணவாயை மீன் கடையில் வெள்ளையாய்க் கிடக்கத்தான் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். சுற்றுலா என்றால் சர்னி ரோடு தாராப்பூர்வாலா மீன்காட்சியகம். 1951இல் திறந்த அதுவும் இப்போது மூடிக் கிடக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வெளிநாட்டு மீனைக் காட்டிவிட்டு, வாசலுக்கு எதிரே இருந்த கடலைப் பார்க்கவிடாமல் வரிசை கலையாதீர்கள் என்று அதட்டி பஸ்ஸில் ஏற்றியவளும் நான்தான்.

காலி ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டு, ஓடில்லாக் கடல் நத்தை, கடற்பஞ்சு எல்லாம் கண்டோம்; நீளும் என்பதால் விடுகிறேன். குப்பையைப் பற்றியும் எழுதவில்லை, மும்பைக்காரர்களுக்குத் தெரியாததா.

எட்டு மணிக்கு மேல் நடைபாதையில் உட்காரவைத்து, கடல் நமக்கு ஏன் வேண்டும் என்று இன்னொரு வழிகாட்டி பேசினார். நாம் விடும் மூச்சில் பாதி கடல் தந்தது என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையை உயர்த்தினேன். பூமியில் ஓராண்டில் உருவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி கடலின் மிதவை நுண்தாவரங்களால் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கடலுயிர்களும் மக்கும் பொருள்களுமே செலவழித்துவிடும். காற்றில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. வரவையும் இருப்பையும் குழப்பினால் நான் எட்டாம் வகுப்பிலேயே மதிப்பெண் குறைப்பேன். அவர் சிரித்துச் சமாளித்தார்.

கோலிவாடாப் பெண் அவரைக் காப்பாற்றினாள். இறந்த நத்தையின் ஓடு ஒன்றைக் கையில் கொடுத்து, இது சுண்ணாம்பு, கடல்நீரிலிருந்து நத்தை தானே கட்டியது என்றாள். நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அதற்குள்தான் போகிறது. அதனால் கரையில் நமக்குச் சூடு குறைவு. நீரின் கதை வேறு. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, இப்போது 8.1 அளவில் நிற்கிறது. 0.1தானே என்று ஒருவர் சொன்னார். அது மடக்கை அளவு, ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும், அந்த 0.1க்குள் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் ஏறியிருக்கிறது என்றாள். கடல் அமிலமாகிவிடவில்லை, காரம் குறைகிறது. அந்த அளவுக்கு ஓடு கட்டுவது கடினமாகிறது. பேரன் அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டான். முடியாது, ஏதாவது ஒரு துறவி நண்டுக்கு வீடு வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள். அவன் ரயில் ஏறும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

போக நினைப்பவர்களுக்கு: செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். கழிப்பறை ஏற்பாடு எதுவும் செய்வதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு கம்பு எடுத்துப் போகலாம். எனக்குக் குடை உதவியது. விளக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. பேரனுக்கு நான் தமிழில் சொல்ல, பக்கத்தில் நின்ற இரண்டு மாட்டுங்கா மாமிகளும் காதைக் கொடுத்தார்கள். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம், பாசி வழுக்கும்.

ஓத அட்டவணை செய்தித்தாளிலேயே வருகிறது, இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன். அடுத்த அமாவாசைக்கும் பதிவு செய்திருக்கிறேன். இம்முறையும் யாருக்காகவாவது காத்திருந்தார்களானால், பேரனும் நானும் கீழே இறங்கியிருப்போம். அந்த முழங்கால் ஆழக் குழி எங்கே என்று எங்களுக்குத் தெரியும்.