இரட்டைப் பட்டமா, முழுசா வெளிநாடா? ஒரு குச்சிக்கிழங்குக் கணக்கு

பி.எஸ்சி வேளாண்மை முடித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு வெளிநாடு பார்க்கும் பிள்ளைகள் ஆத்தூர், சேலம் பக்கம் நிறையப் பேர். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

வழி இரண்டு. இங்கே ஒரு பல்கலையில் சேர்ந்து நடுவில் ஒரு பகுதியை வெளிநாட்டில் படிப்பது. கோவை வேளாண் பல்கலையும் அமெரிக்காவின் கார்னெல்லும் சேர்ந்து தந்த இரட்டைப் பட்டம் பலருக்கும் தெரிந்த உதாரணம். இல்லையென்றால் நெதர்லாந்தின் வாகனிங்கன், ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் மாதிரி இடத்தில் இரண்டு வருடமும் முழுசாக இருந்து படிப்பது. நான் முதல் வழியில், வேறொரு கூட்டணியில் போனவன். சாய்வு அந்தப் பக்கம்தான்.

செலவைப் பெரிதாகப் பேச வேண்டாம். ஹோஹன்ஹைமில் நமக்குக் கட்டணம் செமஸ்டருக்கு 1,500 யூரோதான், ஆனால் வருடச் செலவுக்கு 11,904 யூரோவை விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்டணும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும்; அப்படிக் கிடைத்தவர் என் பேச்சைக் கேட்க வேண்டியதே இல்லை.

எனக்கு முடிவு பண்ணியது பயிர். எங்கள் வீட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, முள்ளுவாடி ரகம். ஆய்வும் அதில்தான் என்று பிடிவாதம். நெதர்லாந்தில் அதைக் கண்ணாடிக் கூண்டில் தொட்டியில்தான் வளர்க்க முடியும், தேமல் என்ற வைரஸ் நோய் வந்த குச்சியை இங்கிருந்து கொண்டுபோவதென்றால் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி, அப்புறம் அந்த நாட்டுக் குவாரண்டைன் என்று படிப்பில் பாதி காகிதத்திலேயே போய்விடும். அதனால் முழுசாகப் போகிறவர்கள் பெரும்பாலும் தக்காளிக்கோ கோதுமைக்கோ மாறிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு இலையை மெதுவாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும், அந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைப் பறக்குமுன் எண்ணுவது தொட்டியில் வராது. நான் வெளிநாட்டில் கற்ற வைரஸ் பரிசோதனை முறையைக் கொண்டுவந்து எங்கள் வயலிலேயே போட்டுப் பார்த்தேன், அதுதான் லாபம்.

2020ல் கேரளாவில் தலைகாட்டிய மரவள்ளி மாவுப்பூச்சி நம் பக்கம் வந்தபோது, அதை அழிக்கும் அனாகைரஸ் லோபெசி என்ற குட்டிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, 2022ல் நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் விட்டார்கள். கூட்டு என்றால் எனக்கு அந்த மாதிரி, பயிர் இருக்கும் இடத்துக்கு விஷயம் வரணும்.

குறையும் சொல்லணும். வெளிநாட்டு மதிப்பெண் இங்கே கிரெடிட்டாக (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) ஏற வாரக்கணக்கில் இழுத்தது, அதனால் ஒரு மாதம் தள்ளித்தான் நட்டேன். நட்டு பத்து மாதம் கழித்துத்தான் கிழங்கை எடை போட முடியும் என்பதால் ஆய்வேடும் தள்ளிப்போனது. சேரும் முன்னாடியே கேளுங்கள்: எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எழுத்தில் இருக்கிறதா? வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தம், கைகுலுக்கிய போட்டோ என்றால் வேண்டாம்.

அங்கேயே பி.எச்டி, வேலை என்று நினைப்பவருக்கு முழு இரண்டு வருடம்தான் நல்லது போலிருக்கிறது. நான் ஆறு மாதம் மட்டும் இருந்தவன், உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏற்காட்டு காபிக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது. செடி காய்க்கவே மூன்று, நான்கு வருடம் ஆகும்போது எந்தப் பட்டத்துக்குள்ளும் புதுச்செடி நட்டு முடிவு பார்க்க முடியாது. அங்கே எஸ்டேட் வைத்திருக்கும் நண்பன் ஜெர்மனிக்கு முழுசாகப் போனான், காபியின் தண்டுத் துளைப்பான் பூச்சியைப் பற்றிப் படிக்கிறான். லீவில் வந்தால் அவனிடமும் கேட்டுவிடுங்கள்.