ஐ-485 நிலுவையில் இருக்கும்போது ஊர்ப் பயணம்: எச்-1பி விசாவா, அட்வான்ஸ் பரோலா?

அமெரிக்காவில் இருந்தபடியே நிரந்தரக் குடியுரிமை கேட்கும் ஐ-485 மனுவைக் கொடுத்துவிட்டு கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களிடம், "அது கைக்கு வரும்வரை ஊருக்குப் போகாதீர்கள்" என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். காத்திருப்பு சில மாதங்கள்தான் என்றால் அது நல்ல அறிவுரை. வேலைவாய்ப்பு வழியில் விண்ணப்பிக்கும் இந்தியர்களின் நிலை வேறு. யார் எப்போது மனுக் கொடுக்கலாம் என்று மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டினில், 2020 அக்டோபரில் தேதிகள் திடீரென்று முன்னே பாய்ந்ததால், வேலைவாய்ப்பு வழியின் மூன்றாம் பிரிவான இபி-3இல் 2015 ஜனவரிக்கு முந்தைய முன்னுரிமைத் தேதி (வரிசையில் இடம்பிடித்த தேதி) கொண்ட இந்தியர்களுக்கு மனுக் கொடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர்களில் பலர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் பெற்றோருக்கு வயதாகிவிடுகிறது, உடன்பிறந்தவர்களின் திருமணம் வருகிறது, எதிர்பாராத சாவும் வருகிறது. ஆகவே போகாமல் இருப்பதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. எதைக் கையில் வைத்துக்கொண்டு போவது என்பதுதான் கேள்வி.

முதலில் அடிப்படை விதி. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், மனுவை நீங்களே கைவிட்டதாகக் கொள்ளப்படும். அந்த முன் அனுமதிதான் ஐ-131 படிவத்தின் மூலம் பெறும் அட்வான்ஸ் பரோல். இந்த விதியிலிருந்து எச்-1பி (திறன்சார் வேலைக்கான தற்காலிக விசா), எல்-1 (ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றம்), இவர்களின் குடும்பத்தினருக்கான எச்-4, எல்-2 ஆகிய நிலைகளில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அவர்கள் பரோல் இல்லாமலே போய், அதே விசாவில் திரும்பி வரலாம், மனுவுக்குச் சேதமில்லை. எஃப்-1 மாணவராக இருந்து, அமெரிக்கக் குடிமகனை மணந்து மனுக் கொடுத்தவருக்கு இந்த விலக்குக் கிடையாது. அவருக்கு அட்வான்ஸ் பரோல் மட்டுமே வழி. அது கையில் வரும்வரை விமான டிக்கெட் வாங்கக்கூடாது.

எச்-1பி வழியின் பெரிய பலம், திரும்பி வரும்போது உங்கள் நிலை சற்றும் மாறாதது. நுழைவுப் பதிவான புதிய ஐ-94இல் எச்-1பி என்றே பதிவாகும். நாளை ஐ-485 நிராகரிக்கப்பட்டாலும் வேலையும் தங்கும் உரிமையும் அன்றே பறிபோய்விடாது. ஆனால் விலக்குக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. திரும்பும்போது செல்லுபடியாகும் எச்-1பி விசா பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும்; அந்த நிலைக்குரிய தகுதி தொடர வேண்டும்; அதே நிறுவனத்தின் வேலைக்கே திரும்ப வேண்டும். ஐ-485ஐ வைத்துப் பெற்ற வேலை அனுமதி அட்டையைக் காட்டி வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டவர், பாஸ்போர்ட்டில் பழைய எச்-1பி விசா காலாவதியாகாமல் இருந்தாலும், அந்த விலக்கை நம்பிப் புறப்படக்கூடாது. பலர் இடறி விழும் இடம் இது. விசா முத்திரை இருக்கிறது, நிலை இல்லை, இரண்டும் ஒன்றல்ல.

விசா காலாவதியாகிவிட்டால் ஊரில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் புதிய விசா முத்திரை பெறும் வேலையை, முடிக்க வேண்டும். கணக்கு மாறிப்போனது இந்த இடத்தில்தான். 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பி புதுப்பிப்புக்கு நேர்காணல் விலக்கு இல்லை. டிராப் பாக்ஸில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வரும் காலம் முடிந்துவிட்டது. அதே மாதம், குடியுரிமை உள்ள நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. மூன்றாம் நாட்டில் ஸ்டாம்பிங் முடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அது முட்டுக்கட்டை போட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளை ஆராயும் நடைமுறை சேர்ந்தது. அதையொட்டி இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகங்களில் டிசம்பர், ஜனவரிக்கு வாங்கிய தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. இரண்டு வார விடுப்பில் வந்தவர்கள் வேலை எங்கே, குழந்தைகளின் பள்ளி எங்கே என்று தெரியாமல் தவித்தார்கள். நேர்காணல் நடந்தாலும் விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) தாளைக் கொடுத்து 'நிர்வாகப் பரிசீலனை' என்று சொல்லிவிட்டால், அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம் பற்றிய பயமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட எச்-1பி மனுவில் இருப்பவர் ஸ்டாம்பிங் செய்து திரும்புவதற்கு அது பொருந்தாது.

அட்வான்ஸ் பரோலில் தூதரகத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. இன்றைய சூழலில் அதன் முழு மதிப்பும் அதில்தான் இருக்கிறது. நேர்காணலும் 221(ஜி)யும் அதில் இல்லை. அனுமதித் தாளோடு விமானம் ஏறலாம். தரையிறங்கியதும் பெரும்பாலும் தனி அறைக்கு அனுப்பி மனுவின் நிலையைச் சரிபார்ப்பார்கள். இணைப்பு விமானத்துக்கு நேரம் தாராளமாக விட்டுவைப்பது நல்லது. விலை என்ன? 2024 ஏப்ரல் 1க்கு முன் கட்டணம் கட்டி ஐ-485 கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஐ-131 இலவசம். அதன்பின் கொடுத்தவர்களுக்குத் தனியாக 630 டாலர். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனி மனு, தனிக் கட்டணம்.

பணத்தைவிடப் பெரிய விலை காத்திருப்பு. முடிவு வர மாதக்கணக்காகும். முதல் ஐ-131 நிலுவையில் இருக்கும்போது எச்-1பி விசாவில் வெளியே போனால், ஐ-485க்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்த ஐ-131 கைவிடப்பட்டதாகி நிராகரிக்கப்படும். ஏற்கெனவே செல்லுபடியாகும் பரோல் ஒன்றை வைத்துக்கொண்டு, புதுப்பிப்பு நிலுவையில் இருக்கும்போது போனால் இந்தச் சிக்கல் இல்லை.

பரோலில் நுழைந்தால் எச்-1பி என்ன ஆகும் என்று அஞ்சுபவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் பாதிதான் சரி. உள்ளே வருபவர் 'பரோலி'யாகத்தான், அதாவது பரோல் அனுமதியில் வந்தவராகத்தான், வருகிறார். சட்டப்படி எச்-1பி நிலையில் சேர்க்கப்படவில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டிலிருந்தே உள்ள வழிகாட்டுதலின்படி, அவர் தன் எச்-1பி மனு செல்லுபடியாகும்வரை அதே நிறுவனத்தில் தொடர்ந்து வேலை செய்யலாம். நிறுவனம் நீட்டிப்புக்கு விண்ணப்பித்து அது ஏற்கப்பட்டால் மீண்டும் எச்-1பி நிலைக்கு வந்துவிடுவார். ஆக, கதவு மூடப்படுவதில்லை. நீட்டிப்பு வரும்வரை சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

பரோலின் உண்மையான பலவீனம் வேறு. அது முழுக்க ஐ-485இன் மேல் நிற்கிறது. நீங்கள் ஊரில் இருக்கும்போது அந்த மனு நிராகரிக்கப்பட்டால் பரோலை நம்பித் திரும்ப முடியாது. அதனால் கூடுதல் சான்று கேட்டுக் குடியேற்றத் துறை அனுப்பிய ஆதாரக் கோரிக்கை பதில் தராமல் மேசையில் கிடக்கும்போதோ, வேலை போன நிலையிலோ, பழைய வழக்கு ஏதாவது இருந்தாலோ, பரோல் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் புறப்படாதீர்கள். முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் தங்க நேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு ஆறுதல். அவர்கள் வெளியேறினால் 3 ஆண்டோ 10 ஆண்டோ திரும்பத் தடை வரும் என்பது பொது விதி. முதிய பெற்றோரைப் பார்க்கப் பரோலில் இந்தியா போய்வந்த ஒரு தம்பதியின் வழக்கில், அப்படிப் போவது தடையை உண்டாக்கும் 'வெளியேற்றம்' ஆகாது என்று 2012இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்த நிலையில் உள்ளவர் தனியாக முடிவெடுக்கக்கூடாது.

என் தீர்ப்பு இதுதான். விசா செல்லுபடியில் இருந்து, அதே நிறுவனத்தில் வேலை தொடர்ந்தால், எச்-1பியில் போய் எச்-1பியில் திரும்புங்கள். பரோலையும் பையில் வைத்திருங்கள், காட்ட வேண்டியதில்லை. விசா காலாவதியாகியிருந்தால் ஸ்டாம்பிங் வேண்டாம், பரோலில் வாருங்கள். முன்பு வழக்கறிஞர்கள் பலர் இதை மாற்றிச் சொன்னார்கள். ஸ்டாம்பிங் சில நாளில் முடிந்த காலத்துக்கு அது சரியாக இருந்தது. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்வருவது மட்டும் தனி: ஐ-94 செல்லுபடியில் இருந்தால் காலாவதியான விசாவிலேயே திரும்பலாம், அங்கே புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காதவரை.

எச்-1பி, எல்-1 உள்ளவர்கள்கூட, ஊருக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், ஐ-131ஐ ஐ-485உடன் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். நள்ளிரவில் ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தபின் அந்தப் படிவத்தைத் தேடுவது கொடுமை. அப்படி நேர்ந்துவிட்டாலும் வழி அடியோடு இல்லாமல் போகாது. குடியேற்றத் துறையின் தொடர்பு மையத்தை அழைத்து, அவசர அட்வான்ஸ் பரோலுக்காக உள்ளூர் அலுவலகத்தில் நேரம் கேட்கலாம். பூர்த்திசெய்த ஐ-131, ஐ-485 ரசீது, பாஸ்போர்ட், புகைப்படங்கள், கட்டணம் ஆகியவற்றோடு மருத்துவமனைக் கடிதமோ இறப்புச் சான்றோ வேண்டும். தமிழில் உள்ள சான்றுகளுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை. மருத்துவமனைக் கடிதத்தில் நோயாளியின் பெயர், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு, நோயின் தீவிரம், தேதி நான்கும் தெளிவாக இருக்கும்படி ஊரில் இருப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.