ஆற்றங்கரைப் புதுநகர்: தனி மனைகளா, அடுக்குமாடியும் பெரிய பூங்காவுமா?

கொள்ளிடத்தின் ஓரமாகப் புதிய குடியிருப்பு என்றால் இந்தக் கேள்வி தவறாமல் எழுகிறது. 10 ஏக்கரை வைத்துக் கணக்கிடுவோம்.

இடம்
மனைப்பிரிவு: சாலைக்கு 30, பூங்காவுக்கு 10 விழுக்காடு போனால், 1,200 சதுர அடியில் சுமார் 217 மனைகள்.
அடுக்குமாடி: ஆயிரம் சதுர அடி வீதம் அதே 217 வீடுகள், நான்கு தளங்களில், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கரில் அடங்கும். சாலையும் வண்டி நிறுத்தமும் போக, பாதி நிலமாவது மரங்களுக்கு மிஞ்சும்.

வெள்ளம்
என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். 2018இல் திருச்சியின் பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதியே வெள்ளத்தில் இடிந்தது. தட்டையான டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழை மெதுவாகத்தான் வடியும்.
மனைப்பிரிவு: ஒவ்வொருவரும் மண் கொட்டி மனையை உயர்த்துவார்கள், வடிகால் வாய்க்கால் தூர்ந்து, பக்கத்து வயலில் நீர் நிற்கும்.
அடுக்குமாடி: பூங்காவைத் தாழ்வாக அமைத்தால் அது குளம்போல நீரைத் தாங்கும். தரைத்தளத்தைத் தூண்களோடு விட்டுவிட வேண்டும்.

செலவு
மனைப்பிரிவு: கையில் பணம் சேரச் சேரக் கட்டலாம்.
அடுக்குமாடி: லிஃப்ட், காவல் என்று மாதந்தோறும் கட்டணம்.

மாடு, தென்னை, கிணறு வேண்டும் குடும்பத்துக்கு மனையே சரி. ஆனால் கரையை விட்டுத் தள்ளி, மேட்டு நிலத்தில் வாங்குங்கள். கரையை ஒட்டித்தான் வேண்டுமென்றால் அடுக்குமாடி. பூங்காவின் பரப்பு அனுமதி வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.