கோணல் விறகுக்கு ஆப்பும் சம்மட்டியும்: சில வருஷப் பயன்பாட்டுக்கு அப்புறம்

எங்கள் வீட்டில் வெந்நீருக்கு இன்னும் செம்பு பாய்லர்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூரில் எங்கள் தெருவில் முறித்துப் போட்ட வேம்பு, மா, தூங்குமூஞ்சிக் கிளைகளை அள்ளி வந்ததில் ஆரம்பித்தது, இப்போது தெருவில் யார் மரம் கழித்தாலும் விறகு நம் வீட்டுக்குத்தான். விறகுத் தொட்டியில் வாங்கும் சவுக்கு மாதிரி சீராக இருக்காது. கணு, கவட்டை, முண்டு எல்லாம் கலந்து வரும். பாய்லரின் நடுக்குழாயிலோ கைப்பருமன் விறகுதான் இறங்கும், அதனால் பிளந்தே ஆகணும்.

இதற்குக் கோடாலியை மட்டும் நம்பாதீர்கள். வேம்பின் நார் பின்னிக் கிடக்கும், கோடாலி பாதியில் சிக்கிக்கொண்டு வராது. இரண்டு இரும்பு ஆப்பும் ஒரு சம்மட்டியும் வாங்குங்கள். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். அதன்மேல், விளிம்பை ஒட்டி ஆப்பை லேசாகத் தட்டி உட்காரவைத்து, அப்புறம் ஓங்கி அடித்தால் ஒரு கட்டத்தில் படக்கென்று சத்தம் கேட்கும், அந்தப் பிளவில் இரண்டாவது ஆப்பை இறக்கினால் முதல் ஆப்பு தானாகத் தளரும். கவட்டை என்றால் அடிப்பக்கத்திலிருந்து பிளக்கணும். அடி வாங்கி வாங்கி ஆப்பின் தலை காளான் மாதிரி விரியும், அந்த விளிம்பை அரம் போட்டு ராவிவிடுங்கள், விட்டால் இரும்புச் சில்லு தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் அடிக்கவே கூடாது.

அடுக்குவதில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று: மரத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், வடிவத்தை வைத்துப் பிரியுங்கள். செங்கல் மேல் இரண்டு கழி போட்டு, சுவரை விட்டுத் தள்ளி, நேரான விறகையெல்லாம் இரண்டு ஓரத்திலும் குறுக்கும் நெடுக்குமாகத் தூண் கட்டிவிட்டால் நடுவில் கோணல்கள் எப்படிக் கிடந்தாலும் சரியாது. நெருக்கி அடுக்கவும் வேண்டாம், சந்து இருந்தால்தான் காற்று போய்க் காயும். எதிலும் சேராத முண்டுகளைப் பழைய கட்டில் சட்டத்தில் கம்பிவலை கட்டிய கூண்டில் போட்டுவைக்கிறோம், கல் அடுப்பில் பெரிய அண்டா ஏற்றும்போது அவைதான் நின்று எரிகின்றன.

தார்ப்பாய் மேலே மட்டும். ஐப்பசி மழைக்குப் பயந்து பக்கங்களையும் மூடினால் பூஞ்சை பிடித்துவிடும். மா சீக்கிரம் உளுத்துப்போகும், அதை முதலில் எரித்துவிடுங்கள், வேம்பு பொறுத்திருக்கும். அடியிலிருந்து விறகு உருவும்போது வெறுங்கையை உள்ளே விடாதீர்கள், தேளும் பூரானும் அங்கேதான் இருக்கும்.