மவுண்ட் காக்ஸ்: வணிகம் நடந்தது, இருப்பு எண்ணப்படவில்லை

2010 ஜூலை முதல் 2014 பிப்ரவரி வரை இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் பிட்காயின் எக்ஸ்சேஞ்ச், அதாவது பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தை வாங்கி விற்கும் இணையச் சந்தை, எப்படி மூடப்பட்டது என்பது பலருக்கும் தெரியும். அதை ஒரு திருட்டு வழக்காகவே படித்துப் பழகிவிட்டதால், ஒரு சேவையாக அது எப்படி இருந்தது, எதைச் சிறப்பாகச் செய்தது, திருட்டு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே எவ்வாறு வழக்கம்போல் இயங்கிவந்தது என்ற கேள்விகள் பின்தங்கிவிட்டன. இன்று ஏதேனும் ஓர் எக்ஸ்சேஞ்சில் பணம் போட நினைப்பவருக்கும் இவை பயன்படும் கேள்விகளே என்பதால், அந்தத் தளத்தை அதன் தொடக்கத்திலிருந்து ஒரு வாடிக்கையாளரின் கண்கொண்டு மதிப்பிடுகிறேன்.

இடான்கி என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை உருவாக்கிய ஜெட் மெக்கேலப், மேஜிக்: தி கேதரிங் ஆன்லைன் என்ற விளையாட்டின் சீட்டுகளை வாங்கி விற்பதற்காக 2007-இல் எடுத்துவைத்த இணைய முகவரிதான் இது, காக்ஸ் என்ற பெயரே அந்தச் சீட்டுச் சந்தையின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. சீட்டுச் சந்தை நிலைக்கவில்லை. 2010-இல் பிட்காயினைப் பற்றி அறிந்த அவர், அதை வாங்குவதற்கு எளிய வழி இல்லாததைக் கண்டு, சும்மா கிடந்த அதே முகவரியில் புதிய சந்தையைத் திறந்தார். அதே ஆண்டு மார்ச்சிலேயே பிட்காயின் மார்க்கெட் என்ற தளம் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே விற்பவரின் பிட்காயினை மட்டும் தளம் பிடித்துவைத்துக்கொள்ளும். டாலரை வாங்குபவர் விற்பவருக்கு பேபால் வழியே நேரடியாக அனுப்புவார். பணம் வந்துசேர்ந்த பிறகே வியாபாரம் முடியும். மவுண்ட் காக்ஸோ டாலர், பிட்காயின் இரண்டையும் முன்கூட்டியே தன்னிடம் போட்டுவைக்கச் சொன்னது. அதனால் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே, விலை பொருந்திய நொடியில் வியாபாரம் முடிந்தது. முதல் நாளில் கைமாறியவை 20 பிட்காயின். விலை ஏறத்தாழ 5 சென்ட். மொத்த வணிகம் ஒரு டாலரைக்கூட எட்டவில்லை.

இந்த ஒரே ஏற்பாட்டில்தான் தளத்தின் சிறப்பும் கேடும் சேர்ந்தே இருந்தன என்பது என் மதிப்பீடு. வணிகக் கருவி என்ற அளவில் அது அன்றைய எந்தப் போட்டியாளரையும்விட நன்றாக இருந்தது. எவ்வளவுக்கு எத்தனை பேர் வாங்க நிற்கிறார்கள், எவ்வளவுக்கு விற்க நிற்கிறார்கள் என்ற பட்டியல் எல்லோருக்கும் திறந்திருந்தது. பிற மென்பொருள்கள் விலையை நேரடியாகப் பெற்றுக்கொள்ளவும் வழி இருந்தது. சில ஆண்டுகளில் பிட்காயின் விலை என்றாலே மவுண்ட் காக்ஸ் விலை என்றாகி, 2013-இன் தொடக்கத்தில் உலகப் பிட்காயின் வணிகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கே நடந்தது என்றால், அந்த இடம் தற்செயலாகக் கிடைத்ததல்ல. ஆனால் இரு தரப்புப் பணத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்ட அன்றே அது பிறர் பொருளுக்குக் காவலும் ஆகிவிட்டது. சந்தை நடத்துவது ஒரு தொழில், காவல் காப்பது வேறொரு தொழில்; இரண்டாவதை மவுண்ட் காக்ஸில் யாரும் திட்டமிட்டுத் தொடங்கவே இல்லை.

பணம் போடும் வழிகளில் தொடக்கத்திலிருந்தே தொல்லை இருந்தது. அனுப்பிய பிட்காயினைத் திரும்பப் பெற முடியாது; பேபாலில் அனுப்பிய பணத்தையோ புகார் செய்து திரும்பப் பெற முடியும். இந்த இடைவெளியில் மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். 2010 அக்டோபரில் பேபால் வழி அடைபட்டது. பிறகு லிபர்ட்டி ரிசர்வ், டுவாலா ஆகிய இணையப் பணச் சேவைகள், வங்கிப் பரிமாற்றம் என்று வழிகள் மாறிக்கொண்டே இருந்தன.

2011 மார்ச்சில் மெக்கேலப் தளத்தை, டோக்கியோவில் வாழ்ந்த மார்க் கார்பிலஸ் என்ற பிரெஞ்சு மென்பொருளாளரின் டிபான் நிறுவனத்துக்கு விற்று, ஒரு சிறு பங்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்தக் கைமாற்றத்தின்போதே சுமார் 80,000 பிட்காயின் திருடப்பட்டிருந்தது. அன்றைய விலையில் பெரிய தொகையல்ல என்று நினைத்திருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் வாங்கிய பொருளில் ஒரு குழி விழுந்திருக்கும்போதே, அதைச் சொல்லாமல், புது உரிமையாளரின் கீழ் கடை தொடர்ந்து திறந்திருந்தது. இந்தச் சேவையின் மீது நான் வைக்கும் முதல் குற்றச்சாட்டு இதுதான். பின்னால் வந்த எதுவும் இதைவிட வேறுவகையானதல்ல, அளவில்தான் பெரிது.

2011 ஜூன் 19 அன்று நடந்ததை விரிவாகப் பார்க்க வேண்டும். நிர்வாக உரிமை கொண்ட ஒரு கணக்கு ஊடுருவுநர் கையில் சிக்க, அவர் பெருமளவு பிட்காயினை ஒரே நேரத்தில் சந்தையில் கொட்டினார். 17 டாலரை ஒட்டியிருந்த விலை சில நிமிடங்களில் ஒரு சென்ட்டுக்குச் சரிந்தது. நாளொன்றுக்கு 1,000 டாலர் மதிப்புக்கு மேல் வெளியே எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தளம் தன் காப்பாகச் சுட்டிக்காட்டியது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு டாலரில் வைக்கப்பட்டது. விலை ஒரு சென்ட்டுக்கு வந்துவிட்டால் அதே 1,000 டாலர் என்பது ஒரு லட்சம் பிட்காயின் ஆகிவிடும். விலையைச் சரிப்பவரைத் தடுக்க வேண்டிய வரம்பை விலையோடு கட்டிவைத்தது வடிவமைப்பிலேயே இருந்த பிழை. இதோடு 60,000-க்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி, மறையாக்கப்பட்ட கடவுச்சொல் அடங்கிய பட்டியலும் வெளியே கசிந்தது. அவற்றுள் ஒரு பகுதி, அக்காலத்திலேயே வலுவற்றதெனக் கருதப்பட்ட எம்டி5 முறையில் கூடுதல் காப்பின்றி மறைக்கப்பட்டிருந்தது.

தளம் நிறுத்தப்பட்டது, அந்த நேரத்து வியாபாரங்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. சில நாள்களில் 4,24,242 பிட்காயினை ஒரே பரிமாற்றத்தில் நகர்த்திக் காட்டி, பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று கார்பிலஸ் மெய்ப்பித்தார். அது பலரை அமைதிப்படுத்தியது. என் பார்வையில் அது பாதி நிரூபணமே. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டினால் போதாது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்க வேண்டும். பின்னர் யூபிகீ என்ற சிறு பாதுகாப்புக் கருவியை வாடிக்கையாளர்களுக்குத் தரத் தொடங்கியது நல்ல நடவடிக்கை. அன்று பல வங்கிகள்கூட அதைத் தரவில்லை. ஆயினும் அது பூட்டியது வாடிக்கையாளர் நுழையும் வாசலை மட்டுமே.

கொல்லைப்புறம் அப்போதே திறந்துவிட்டது. பிளாக்செயினை, அதாவது பிட்காயின் பரிமாற்றங்களின் பொதுப் பதிவேட்டை ஆராய்ந்த விஸ்செக் என்ற குழுவின் ஆய்வின்படி, 2011 செப்டம்பர் வாக்கில் தளத்தின் ஹாட் வாலட், அதாவது இணையத்தோடு இணைந்த பணப்பையின் சாவிகள் (பிட்காயினைச் செலவிடத் தேவையான இரகசிய எண்கள்) அடங்கிய கோப்பை ஒருவர் நகலெடுத்திருந்தார். அதன்பின் அந்தப் பணப்பையின் முகவரிகளுக்குப் பிட்காயின் வரவர, அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். 2013-க்குள் தளத்தின் பிட்காயினில் பெரும்பகுதி போய்விட்டது. இதில் வியப்பு என்னவென்றால், திருடப்பட்ட நாணயங்கள், திருடரிடமும் தளத்திடமும் சாவி இருந்த முகவரிகளுக்கிடையே நகர்ந்தபோது, தளத்தின் மென்பொருள் அவற்றுள் சிலவற்றைப் புதிய வரவு என்று எடுத்துக்கொண்டு, சுமார் 40,000 பிட்காயினைச் சம்பந்தமில்லாத பயனர் கணக்குகளில் ஏற்றியிருக்கிறது. திருட்டைத் தணிக்கைக் கருவி எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்பதோடு இது நிற்கவில்லை. திருட்டையே வரவாக எழுதிக்கொண்ட பேரேடு அது.

இதைக் கண்டுபிடிக்கக் கடினமான கணிதம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. பிட்காயினின் பதிவேடு எல்லோருக்கும் திறந்தது. தன் சாவிகளுக்கு உரிய முகவரிகளில் உள்ள இருப்பைக் கூட்டி, வாடிக்கையாளர் கணக்குகளின் மொத்தத்தோடு ஒப்பிடுவதே போதும். தெருமுனை மளிகைக்கடைக்காரர்கூட ஷட்டரை இறக்குமுன் கல்லாவை எண்ணி நோட்டோடு சரிபார்க்கிறார். இங்கே அந்த வேலை நடக்கவில்லை, அல்லது நடந்து மறைக்கப்பட்டது. இணையத்திலிருந்து துண்டித்து வைத்த சேமிப்பு அவர்களிடமும் இருந்தது. ஆனால் ஹாட் வாலட் வற்றும்போதெல்லாம் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டிருந்தால், அதையும் சேர்த்தே கசியவிட்டதாகும். மென்பொருள் எழுதிய ஒழுங்கும் மெச்சத்தக்கதல்ல. 2011 அக்டோபரில் ஒரு பிழையால் 2,609 பிட்காயின், யாராலும் எக்காலத்திலும் எடுக்க முடியாத முகவரிகளுக்கு அனுப்பப்பட்டது.

2013-இல் கூட்டம் பெருகியபோது கருவியே திணறியது. ஏப்ரல் 10 அன்று விலை 266 டாலரைத் தொட்டுச் சரிந்த வேளையில், ஆர்டர்கள் நிறைவேற நெடுநேரம் பிடித்தது; மறுநாள் தளம் சிறிது நேரம் வணிகத்தை நிறுத்தியது. மே மாதத்தில் உரிய பதிவு இல்லாமல் பணப் பரிமாற்றம் நடத்தியதாகக் கூறி அமெரிக்க அரசு அதன் கணக்குகளைக் கைப்பற்றியது. அதன் பிறகு டாலர் எடுப்பது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தாமதமானது. பிற தளங்களைவிட மவுண்ட் காக்ஸில் பிட்காயின் விலை கணிசமாக உயர்ந்து நின்றது, டாலராக எடுக்க முடியாதவர்கள் பிட்காயினாக மாற்றி வெளியேற முயன்றதால்தான். விலைப்பலகையே எச்சரிக்கைப் பலகையாக நின்ற அந்த மாதங்களில், அதை ஏறுமுகச் செய்தியாகப் படித்து உள்ளே வந்தவர்களும் இருந்தார்கள்.

2014 பிப்ரவரி 7 அன்று பிட்காயின் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. பரிமாற்றத்தின் அடையாள எண்ணை, அது பதிவாவதற்கு முன் பிறர் மாற்றிவிடக்கூடிய ஒரு குறை பிட்காயின் நெறிமுறையில் இருப்பதாகவும், அதைப் பயன்படுத்திச் சிலர் ஒரே தொகையை இருமுறை பெற்றிருக்கலாம் என்றும் தளம் விளக்கியது. குறை உண்மைதான். ஆனால் அதனால் போன தொகை மிகச் சிறியதாகவே இருந்திருக்க முடியும் என்று சூரிச் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரைவிலேயே காட்டினார்கள். பிப்ரவரி 28 அன்று டோக்கியோ நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியபோது, காணாமல் போனவை வாடிக்கையாளர்களின் 7,50,000, நிறுவனத்தின் 1,00,000 என மொத்தம் 8,50,000 பிட்காயின் என்று சொல்லப்பட்டது. மூன்று வாரம் கழித்து, பழைய வாலட் ஒன்றில் சுமார் 2,00,000 இருந்ததாக அறிவித்தார்கள். இழந்த எண்ணிக்கையைவிட இந்தக் கண்டெடுப்பே என்னை அதிகம் கலங்கவைக்கிறது: தன்னிடம் என்ன இல்லை என்பது மட்டுமன்றி, என்ன இருக்கிறது என்பதும் அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

2011 ஊடுருவலின்போது உதவச் சென்று உள்நிலையைப் பார்த்தவர்களுள் ஒருவரான ஜெஸ்ஸி பவல், அதே ஆண்டில் கிராக்கன் என்ற எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். வணிகத்தைத் திறந்தது 2013 செப்டம்பரில்தான். 2014 மார்ச்சில் இருப்பையும் கடனையும் ஒப்பிடும் தணிக்கையை நடத்திக் காட்டினார்கள். இரண்டு ஆண்டு காத்திருந்ததால் முதலிடம் போயிருக்கலாம், நான் அந்த விலையைக் கொடுத்திருப்பேன்.

வணிக வசதிக்கு மவுண்ட் காக்ஸுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன்; பணம் போடவும் எடுக்கவும் இரண்டு; காவலுக்கு எதுவும் இல்லை. 2019-இல் கார்பிலஸ் மீது மின்னணுப் பதிவுகளைத் திரித்த குற்றம் உறுதியானது, கையாடல் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார், சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. திவால் சட்டப்படி, ஒரு பிட்காயினுக்கான கோரிக்கை 2014-இன் விலையான சுமார் 50,000 யென்னில் உறைந்து நின்றது. 2017-இல் விலை அதைப்போலப் பல மடங்கு ஏறியதால், எல்லாக் கடனையும் அடைத்த பிறகு மிஞ்சுவது பங்குதாரர்களுக்கே, அதாவது பெரும்பாலும் கார்பிலஸின் நிறுவனத்துக்கே போகும் நிலை வந்தது. கடன் கொடுத்தவர்கள் மனுச் செய்ய, 2018 ஜூனில் வழக்கு, கோரிக்கைகள் யென்னில் உறைந்து நிற்கத் தேவையில்லாத குடிமை மறுவாழ்வு நடைமுறைக்கு மாற்றப்பட்டு, 2024 ஜூலையில் பிட்காயினாகவே திருப்பித் தரத் தொடங்கினார்கள். வைத்திருந்ததில் ஒரு சிறு பங்கே திரும்பினாலும், டாலர் மதிப்பில் அது அன்று இழந்ததைவிடப் பல மடங்காக இருந்தது. அந்த ஆதாயத்தை மவுண்ட் காக்ஸின் கணக்கில் வரவு வைக்க எனக்கு மனமில்லை. அது, பத்தாண்டுகள் விற்கவிடாமல் நீதிமன்றம் பூட்டிவைத்திருந்ததால் வந்த ஆதாயம்.